விருதை வாங்குங்கள், மேடைக்குத் தனியாகப் போகாதீர்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரு பொம்மசந்திராவில் கேட்டரிங் கிச்சன் நடத்துகிறார் ஒருவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஐ.டி. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார். அவரிடம் வேலை செய்யும் 40 பேரில் 9 பேர் காது கேளாதவர்கள். உணவுத் தொழில் செய்வோரின் அமைப்பு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஆதரவளித்ததற்காக இந்த ஆண்டு விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அழைப்பு அவருக்கும் மனைவிக்கும் மட்டும். மூன்று நிமிடம் பேச வேண்டும், ஊழியர்கள் வேலை செய்வதை வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். “உழைப்பு அவங்களோடது, மாலை எனக்கா? வாங்கினால் தப்பா? வாங்கினால் என்ன பேசுவது?” என்பது அவர் கேள்வி.

வாங்குங்கள் அண்ணா. ஆனால் அழைப்பு எப்படி வந்திருக்கிறதோ அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆட்கள் மேடையில் இல்லாமல், அவர்கள் மொழி அந்த மண்டபத்தில் எங்குமே இல்லாமல், அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு விருது கைமாறுவது உங்களுக்கு உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். அதற்காக வேண்டாம் என்று எழுதி அனுப்பினால் யாருக்கும் லாபமில்லை. அந்த உறுத்தலையே நிபந்தனையாக எழுதி அனுப்புங்கள்.

ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் ஒரு முதலாளியின் பேச்சை இன்னொரு முதலாளி நம்புவதுபோல வேறு யார் பேச்சையும் நம்புவதில்லை. நாங்கள் பயிற்சி கொடுப்பவர்கள், சைகை மொழிபெயர்ப்பவர்கள். சட்டம், உரிமை என்று மணிக்கணக்கில் பேசியும் அசையாத ஒருவர், “என் கிச்சன்ல ஆறு வருஷமா இருக்காங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை” என்று தன் தொழிலில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே போன் செய்கிறார். ஓசூரில் டைட்டன் கைக்கடிகார ஆலை தொடக்க காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தது. ஹோட்டல் துறையில் லெமன் ட்ரீ 2007-இல் காது கேளாதவர்களை எடுக்கத் தொடங்கியது. மும்பை பொவாயில் 2015-இல் திறந்த மிர்ச்சி அண்ட் மைம் உணவகத்தில் பரிமாறுபவர்களே காது கேளாதவர்கள். மாற்றுத்திறனாளிகளே வேலை செய்யும் மிட்டி கஃபே இன்று பெங்களூரு விமான நிலையம் வரை வந்துவிட்டது, 2023-இல் உச்ச நீதிமன்ற வளாகத்திலும் திறந்தார்கள். “அவங்களால முடியுமா” என்று யாராவது கேட்டால் நாங்கள் காட்டுவது இந்தப் பெயர்களைத்தான். ஆனால் இவையெல்லாம் பெரிய இடங்கள். பொம்மசந்திராவிலும் பீன்யாவிலும் 30, 40 பேரை வைத்துச் சமைத்து அனுப்புகிறவர், அவர்களுக்குப் பணம் இருக்கிறது செய்கிறார்கள் என்று ஒதுங்கிக்கொள்வார். உங்களைப் பார்த்து அப்படி ஒதுங்க முடியாது. நீங்கள் அவருடைய தெருக்காரர்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. நான் ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவள், வாய் பேசுவதற்கு முன்பே கை பேசியவள். அப்பா ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் மெஷின் சத்தம் இவர்களைத் தொந்தரவு செய்யாது என்று அச்சகங்களில் காது கேளாதவர்களை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பாவுக்கு முதலாளி கையால் ஒரு துண்டு போர்த்துவார். எங்கள் வீட்டு அலமாரியில் அந்தத் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அவரிடம் வேலை கற்ற பையன்கள் ஃபோர்மேன் ஆனார்கள், அப்பா கடைசிவரை அதே மேஜையில்தான் இருந்தார். பாராட்டும் பதவி உயர்வும் வெவ்வேறு என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். இனி எழுதப்போவது எல்லாமே அந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான்.

முதலில் விழா. இரண்டு இருக்கை போதாது, 9 பேருக்கும் வேண்டும் என்று எழுதுங்கள். எல்லோரும் போய்விட்டால் மறுநாள் சாப்பாடு என்னாவது என்று கவலை இருந்தால், யார் போவது என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் ஆள் தேர்ந்தெடுக்காதீர்கள். நாம் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் வாய் பேசுகிறவர், கேமராவுக்கு நன்றாகச் சிரிக்கிறவர் என்றுதான் நம் கை போகும். அவர்களுக்குள் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் வேறு ஒருவராக இருப்பார்.

அடுத்தது சைகை மொழிபெயர்ப்பாளர். இதை அமைப்பாளர்கள் பொதுவாகத் தட்டிக்கழிப்பார்கள். “வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வாங்களேன்” என்பார்கள், இல்லையென்றால் “உதடு பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கல்ல” என்பார்கள். மைக்கை வாயருகே வைத்துப் பேசுகிறவரின் உதட்டைத் தூரத்தில் உட்கார்ந்து யாரும் படிக்க முடியாது. பக்கத்திலேயே இருந்தாலும் ‘படி’ என்பதும் ‘மடி’ என்பதும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். தங்கையையோ அண்ணனையோ கூட்டி வந்தால் அவர்கள் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் சொல்வார்கள், முக்கியமானதை “அப்புறம் சொல்றேன்” என்று விட்டுவிடுவார்கள். நானே சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்கு அப்படித்தான் சொன்னேன், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். இந்தத் தொழிலுக்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் மொழிபெயர்ப்புக்கு டிப்ளமோ நடத்துகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் விழாவுக்கு இரண்டு பேர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒருவரே செய்தால் கையும் மூளையும் ஓய்ந்துவிடும், விஷயம் விட்டுப்போகும். அவர்களுக்கான கட்டணம் விழா நடத்துகிறவர்களின் செலவு. பூ அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்கட்டும். உங்கள் பையிலிருந்து கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த ஆண்டும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது: வெளிச்சம். விருது விழாக்களில் வீடியோ போடும்போது மண்டபத்து விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அணைத்த நொடியில் மொழிபெயர்ப்பாளரின் கை மறைந்துவிடும். தங்களைப் பற்றிய படம் ஓடும் நேரத்தில் அவர்களுக்கு மட்டும் அங்கே என்ன பேசப்படுகிறது என்று தெரியாது. மொழிபெயர்ப்பாளர் மேல் ஒரு விளக்கு எப்போதும் இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் எல்.இ.டி. திரை கண்ணைக் கூசக் கூடாது, உங்கள் ஆட்களுக்கு முன்வரிசையில் அவரைப் பார்க்க வசதியான பக்கம் வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். இந்தத் தொழிலின் பெரிய மனிதர்கள் தட்டோடு நின்று பேசுவது அங்கேதான். உங்கள் ஊழியர் ஒருவர் இன்னொரு முதலாளியோடு நேரடியாகப் பேச வாழ்க்கையில் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பமாகக்கூட அது இருக்கலாம். அந்த முதலாளி நல்ல சம்பளம் சொல்லி அவரைக் கூப்பிட்டால், அதையும் நீங்கள் சந்தோஷமாகத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் உங்களுக்குப் போதும். மீதி இரண்டு நிமிடம் அவர்களில் ஒருவர் பேசட்டும். அவர் மேடையில் சைகையில் பேச, மொழிபெயர்ப்பாளர் கீழே முன்வரிசையில் அவரைப் பார்த்து உட்கார்ந்து மைக்கில் குரல் கொடுப்பார். பக்கத்தில் நிற்கவைத்தால் கையைச் சரியாகப் பார்க்க முடியாது. முதல் நாளே இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கிச்சனில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர், அதாவது பெயரைச் சொல்வதற்குப் பதில் கையால் காட்டும் அடையாளம், இருக்கும், மாஸ்டருக்கு ஒன்று, உங்களுக்கும் ஒன்று இருக்கும். அதெல்லாம் மொழிபெயர்ப்பாளருக்கு முன்னாலேயே தெரிந்தால்தான் மேடையில் தடுமாற மாட்டார். அவர் என்ன பேச வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். “முதலாளி தெய்வம்” என்று சொன்னாலும் சரி, “சம்பளம் போதவில்லை” என்று சொன்னாலும் சரி, அது அவருடைய நேரம்.

வீடியோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இவர்களைப் படம் எடுத்தால் சோகமான பியானோ இசை, மெதுவாக நகரும் கைகள், கடைசியில் அழுகிற அம்மா என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்கிற முதலாளிக்கு மனம் இளகும், ஆனால் மறுநாள் வேலைக்கு ஆள் எடுக்கத் தோன்றாது. ஒரு ஆள் எத்தனை கிலோ வெங்காயம் நறுக்குகிறார், பேக்கிங் லைனில் தவறு நடந்தால் எப்படி நிறுத்துகிறார், மாஸ்டரும் அவரும் உப்புக்கு எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். முகம் வருகிற ஒவ்வொருவரிடமும், எங்கே போடப்போகிறார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று சைகையில் விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இந்தப் படம் என்ன செய்யும் என்று அவளுக்குத்தான் தெரியும். திரையில் எழுத்து ஓடுகிறதே, மொழிபெயர்ப்பு எதற்கு என்று கேட்பார்கள். நம் ஊர்களில் பெரும்பாலான பள்ளிகள் இவர்களை வாய் பேசவைக்கவே ஆண்டுகளைச் செலவழித்தன. அதனால் சைகையில் கெட்டிக்காரராக இருக்கிற பலருக்கு வேகமாக ஓடுகிற தமிழையோ கன்னடத்தையோ ஆங்கிலத்தையோ படிப்பது சிரமம். எழுத்தும் வேண்டும், சைகையும் வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, விருது வாங்குவதற்கு முன் உங்கள் கிச்சனை நீங்களே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது. நான் பயிற்சிக்குப் போன ஒரு கிச்சனைச் சொல்கிறேன். அதிகாலை நாலரைக்கு ஸ்டீமர் எல்லாம் ஓடும், கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாத அளவுக்கு ஆவி. காய் நறுக்கும் மேஜைக்குப் பின்னால்தான் சாம்பார் அண்டாவை எடுத்துப் போகும் வழி. தூக்குகிற இருவரும் “சூடு, சூடு” என்று கத்திக்கொண்டே வருவார்கள், காது கேட்கிறவர்கள் திரும்பிப் பார்க்காமலேயே மேஜையோடு ஒட்டிக்கொள்வார்கள். பீன்ஸ் நறுக்கும் பெண் ஒருத்திக்குக் காது கேட்காது. அவள் ஒரு அடி பின்னால் வைத்தால் கொதிக்கிற சாம்பார். அவளாகவே தினமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நறுக்குவாள், அதனால் வேலை மெதுவாகும், அதற்கும் சூப்பர்வைசரிடம் திட்டு. எல்லோரையும் உட்காரவைத்து மொழிபெயர்ப்போடு ஒரு கூட்டம் போட்டபோது வழி சொன்னதும் அவள்தான்: மேஜையைத் திருப்பிப் போடுங்கள், நாங்கள் வழியைப் பார்த்து நின்று நறுக்குகிறோம். அதோடு தரையில் ஒரு மஞ்சள் கோடு, வளைவில் சாலைகளில் வைப்பதுபோல ஒரு குவிந்த கண்ணாடி, அண்டாவைக் கையால் தூக்காமல் சக்கர வண்டியில் தள்ளுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. பெரிய செலவு இல்லை. கேட்கிறவர்களுக்கும் அதற்கப்புறம் சுடுகாயம் குறைந்தது என்று அந்த மாஸ்டரே சொன்னார்.

உங்கள் இடத்தில் தீ எச்சரிக்கை மணிக்குச் சுழலும் விளக்கு இருக்கிறதா, குறிப்பாகக் கழிப்பறையிலும் குளிர் அறையிலும்? அங்கே தனியாக இருக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஓடுவதைப் பார்த்து ஓடும் வாய்ப்பும் கிடையாது. காதுக் கருவி போட்டவர்கள் இருந்தால், ஆவியில் அது சீக்கிரம் கெடும், கழற்றி வைக்க உலர்ந்த ஒரு டப்பா வேண்டும். இன்னொன்று வாட்ஸ்அப். ஏறக்குறைய எல்லாக் கிச்சனிலும் சூப்பர்வைசர்கள் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ்தான் போடுகிறார்கள், ஒரு கையில் கரண்டி இருக்கிறதே, எழுத நேரமில்லை. நாளைக்கு எந்த அலுவலகத்துக்கு எத்தனை சாப்பாடு, யாருக்கு லீவு, எந்த வண்டி மாறியது எல்லாம் குரலில் போகிறது. காது கேளாதவர் காலையில் வந்துதான் தெரிந்துகொள்கிறார், பிறகு “இவங்களுக்கு எதுவும் புரியாது” என்று பெயர். வாய்ஸ் மெசேஜை நிறுத்தி வீடியோ அல்லது எழுத்து என்று ஒரே ஒரு விதி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேட்கிறவர்களுக்கும் சைகை சொல்லிக்கொடுங்கள். பெங்களூரு கிச்சனில் மாஸ்டர் தமிழ், ஹெல்பர் ஒடியா, பேக்கிங் கன்னடம், டெலிவரி ஹிந்தி என்று நான்கு மொழியில் அடிதடி நடக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த காது கேளாத பையனும் துமகூரிலிருந்து வந்தவனும் பீகாரிலிருந்து வந்தவனும் சில சைகைகள் வேறுபட்டாலும் சீக்கிரம் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். இந்திய சைகை மொழி தமிழையோ ஹிந்தியையோ கையால் எழுதுவது அல்ல, அதற்கென்று சொந்த இலக்கணம் இருக்கிறது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அகராதியைப் பார்த்து யாரும் மொழி பேசிவிட முடியாது. காது கேளாத ஆசிரியர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வரவழையுங்கள், ஷிஃப்ட் நேரத்துக்குள்ளேயே வகுப்பு வையுங்கள்.

இப்போது பதவி உயர்வுக்கு வருகிறேன். உங்கள் 9 பேரில் எத்தனை பேர் சேர்ந்த அன்று செய்த அதே வேலையைச் செய்கிறார்கள்? உங்களோடு அதே காலத்தில் சேர்ந்த, காது கேட்கிற ஹெல்பர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இந்த இரண்டையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். இடைவெளி இருந்தால், அதை அடைக்க உங்கள் தொழிலிலேயே ஒரு நல்ல கதவு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். ஃபோஸ்டாக் என்ற அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் இடத்தில் 40 பேர், அதாவது இரண்டு பேர் தேவை. ஒருவர் இந்த 9 பேரில் இருந்து வரட்டும். வெப்பநிலை பார்ப்பது, தேதி ஒட்டுவது, பச்சையும் வெந்ததும் கலக்காமல் காப்பது, நோட்டில் குறிப்பது, எதற்கும் காது வேண்டியதில்லை. பயிற்சி வகுப்பில் மொழிபெயர்ப்பாளர் மட்டும் வேண்டும். மேற்பார்வையாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காது கேளாத ஒருவர் கேட்கிற மாஸ்டரிடம் “இதை எடுத்து வெளியே கொட்டு” என்று சைகை காட்டும் நாள் உங்கள் கிச்சனில் வரட்டும். விருதில் எழுதியிருக்கும் ஆதரவு என்ற வார்த்தைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்.

இது கருணையால் செய்வது என்ற எண்ணம் மேடையில் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது, இது 21 வகைகளை எடுக்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் பின்னால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி போன்றவர்களின் தெருப் போராட்டம் இருக்கிறது, யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அந்தக் கொள்கையில் இருக்க வேண்டியவற்றில் பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சியும் ஒன்று என்று விதியிலேயே இருக்கிறது. உங்கள் கிச்சனுக்கும் இது பொருந்தும். எழுதாவிட்டால் விழாவுக்கு முன் எழுதிவிடுங்கள். விருது கொடுக்கிற அமைப்பின் உறுப்பினர்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று மேடையிலேயே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பெண் ஊழியர்கள் இருந்தால் இன்னொரு கடமை இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் குழு வேண்டும் என்பது 2013 சட்டம். காது கேளாத பெண் புகார் சொல்ல வந்தால், கூட வேலை செய்கிறவரை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. அந்தக் கூட வேலை செய்கிறவரே குற்றம் செய்தவராக இருக்கலாம், அல்லது அவருடைய நண்பராக இருக்கலாம். வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் எண்ணைக் குழுவிடம் இப்போதே கொடுத்து வையுங்கள்.

உங்கள் பேச்சில் இரண்டு வரிகளைத் தவிர்த்துவிடுங்கள். எல்லா முதலாளிகளும் சொல்வார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். “அரட்டை அடிக்காமல் வேலையில் கவனமாக இருப்பார்கள்” என்பது ஒன்று. அவர்களும் நம்மைப் போலவே அரட்டை அடிப்பார்கள், நமக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். “விட்டுவிட்டுப் போக மாட்டார்கள், விசுவாசம்” என்பது இன்னொன்று. போவதற்கு வேறு இடம் இல்லாததால் இருக்கிறவரை விசுவாசி என்று புகழ்வது எனக்குப் பொறுக்காது. என் அப்பாவை அப்படித்தான் புகழ்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் காது கேளாதோர் என்று பதிவானவர்களே 50 லட்சத்துக்கு மேல். அவர்களுக்குப் பத்து இடத்தில் வேலை கிடைக்கும்போதும் உங்களிடமே இருக்கிறார்கள் என்றால் அப்போது பெருமையாகச் சொல்லுங்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் பேசச் சொல்வது ஏறக்குறைய இப்படி: “என்னிடம் 9 பேர் வேலை செய்கிறார்கள், ஒவ்வொருவரின் பெயரையும் சொல்கிறேன். என்ன வேலை, எவ்வளவு காலம் என்றும் சொல்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு என்ன பயம் இருந்தது, அது எப்படிப் போனது, என்ன செலவானது என்பதை யார் கேட்டாலும் கணக்கோடு காட்டுகிறேன். என் கிச்சனுக்கு வந்து பாருங்கள். இந்த அமைப்பு அடுத்த ஆண்டு விருது கொடுக்கும்போது எத்தனை பேரை எடுத்தாய் என்று மட்டும் கேட்க வேண்டாம், எத்தனை பேரை உயர்த்தினாய் என்றும் கேளுங்கள். மீதி நேரம் இவருடையது.” இவ்வளவு போதும். உங்கள் போன் எண்ணையும் சொல்லிவிடுங்கள், நிச்சயம் யாராவது கூப்பிடுவார்கள்.

அந்தக் கேள்வியை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், இப்படிப்பட்ட விருதுகளுக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். எத்தனை பேர், எந்த வகைக் குறைபாடு, சாய்தளம் இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று கட்டம் கட்டமாக இருக்கும். சம்பளம் மற்றவர்களுக்குச் சமமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, கடந்த ஆண்டு யார் வேலையை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேட்கும் கட்டம் நான் பார்த்தவற்றில் இல்லை. அந்த ஊழியர்களிடம் நேரில் பேசாமலேயே முடிவாகிற விருதுகள் உண்டு. வாங்குகிறவர் மேடையில் நின்று கேட்டால் மாற்றுவார்கள். நாங்கள் கேட்டபோது “பார்க்கலாம்” என்றார்கள்.

பரிசுத் தொகை இருந்தால் அதை என்ன செய்வது என்று 9 பேரிடமும் கேளுங்கள். பிரியாணி வேண்டும் என்றால் பிரியாணி, பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றால் அதுவும் நியாயம். சைகை வகுப்புக்கும் எச்சரிக்கை விளக்குக்கும் அந்தப் பணத்தை எடுக்காதீர்கள், அவை கிச்சன் செலவு, உங்கள் கணக்கில் வர வேண்டியவை. கேடயத்தை எங்கே வைப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

அமைப்பாளர்களுக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள். இருக்கைகள், இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், விளக்கு, மேடையில் இரண்டு நிமிடம், வீடியோவை அவர்களுக்குக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே வெளியிடுவது, எல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி பெங்களூரில் நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது மிகவும் சிரமம், உங்கள் விழா அந்தச் சமயத்தில் என்றால் இரண்டு மாதம் முன்பே தேதி வாங்க வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை, அதனால் இந்த முறை மட்டும் சமாளித்துக்கொள்ளலாமா என்று கேட்டால், விழாவைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லுங்கள்.